அனிமே யாரை ஈர்க்கிறது, யாரைத் திகைக்க வைக்கிறது: காத்திவாக்கத்திலிருந்து ஓர் ஆய்வு

2025 செப்டம்பர் 12 அன்று 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' என்ற அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் படம், இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. ஜப்பானிய மொழி, ஆங்கிலம் ஆகியவற்றோடு இந்தி, தமிழ், தெலுங்குக் குரல்களிலும் ஓடியது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் படம். நமக்குத் தெரிந்த நட்சத்திரம் யாரும் இல்லை. முந்தைய தொடரைப் பார்க்காதவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. இருந்தும் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். வட சென்னையில் எண்ணூரை ஒட்டிய எங்கள் காத்திவாக்கத்துப் பிள்ளைகளும் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயிலைப் பிடித்து நகரத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்களுடைய வீடுகளில் பெரியவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்த வயசுல பொம்மைப் படமா?"

பலர் இதைக் கிண்டலாகக் கேட்கிறார்கள் என்றாலும், கேள்வி நியாயமானது. ஒரே கூரையின் கீழ், ஒரே சோற்றைத் தின்று, ஒரே மொழி பேசும் இரண்டு பேரில் ஒருவர் விடிய விடிய உட்கார்ந்து பார்த்து அழுகிற ஒன்று, இன்னொருவருக்கு ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஏன்?

வயதுதான் காரணம் என்பது வழக்கமான பதில். அது அந்நியக் கலாச்சாரம், நமக்கு ஒட்டாது என்பது அடுத்த பதில். இரண்டும் முழுதாக நிற்பதில்லை. இன்று நாற்பதைத் தாண்டிய தமிழர்களில் பலர் 1993-இல் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைகளில் 'ஜங்கிள் புக்' பார்த்தவர்கள். இந்தி புரியாமலே மோக்லியையும் பகீராவையும் ரசித்தவர்கள். அந்தத் தொடர் 1989-இல் ஜப்பானில் தயாரான அனிமே. யூகோ சாகோ என்ற ஜப்பானியர் ராமாயணக் கதையின் மீது கொண்ட பற்றால், நம் நாட்டு அனிமேஷன் கலைஞர் ராம் மோகனையும் சேர்த்துக்கொண்டு 1992-இல் முடித்த 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' படம் 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடு திரைக்கு வந்தது. அதில் ராமனின் கண்ணும் சீதையின் கண்ணும் ஜப்பானியப் பாணியில்தான் வரையப்பட்டிருக்கின்றன. கதை தெரிந்திருந்ததால் படத்தின் பாணி யாரையும் தடுக்கவில்லை. ஆகவே ஓவியத்தின் அந்நியத்தன்மையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

பிரச்சினையின் ஒரு வேர் நம் தொலைக்காட்சியில் இருக்கிறது. இங்கே வரைகலைப் படம் என்றாலே அது பிள்ளைகளின் சேனலுக்குரியது என்று எப்போதோ முடிவாகிவிட்டது. 2007-இல் சுட்டி டிவி வந்தது. ஹங்காமா டிவியில் டோரேமானும் ஷின்-சானும் தமிழ் பேசின. பள்ளி விட்டு வந்த பிள்ளை பையை வீசிவிட்டு உட்காரும் நேரம் அவற்றின் நேரமாக இருந்தது. ஷின்-சான் ஜப்பானில் முதலில் பெரியவர்கள் வாசிக்கும் வார இதழில் வந்த கதை. அதைத் தூக்கி இங்கே ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பெற்றோர் எரிச்சலானார்கள், 2008-இல் மத்திய அரசு தடை விதித்தது, பிறகு வெட்டுகளோடு அது திரும்பி வந்தது. அந்தக் கோபத்தில் தவறில்லை. பெரியவர்களுக்கானதைப் பிள்ளைகளின் அலமாரியில் வைத்தவர்கள் மீது போயிருக்க வேண்டிய கோபம் படத்தின் மீது போனது, அவ்வளவுதான். பெரியவர்களுக்கான அனிமேயைக் காட்டிய அனிமேக்ஸ் சேனல் 2004-இலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஆனால் அது ஆங்கிலம் பேசியது. காத்திவாக்கத்தில் எத்தனை வீட்டுக் கேபிளில் அதைத் தேடிப் போயிருப்பார்கள்?

2016-இல் கைபேசி டேட்டா மலிவானபோது நிலைமை தலைகீழானது. சேனல் அட்டவணையும் கேபிள்காரரும் தேவையில்லாமல் போனார்கள். ஷின்-சானோடு வளர்ந்த பிள்ளை, மாடிப்படியில் உட்கார்ந்து டெலிகிராமில் வந்த 'நருட்டோ'வை ஆங்கில வரிகளோடு பார்த்தான். நாற்பது, ஐம்பது அத்தியாயங்களுக்குள் அவனுடைய ஆங்கில வாசிப்பும் வேகம் பிடித்தது. 2022-இல் சோனி யாய் சேனல் அதே நருட்டோவைத் தமிழிலும் தந்தது. 2024-இல் இணையத் தளமான கிரஞ்சிரோல் 'சோலோ லெவலிங்'கைத் தமிழ்க் குரலோடு வெளியிட்டது. இப்படி ஒரு தலைமுறை படிப்படியாக நகர்ந்தது. அவர்களுடைய பெற்றோர் டோரேமானிலேயே நின்றுவிட்டார்கள். பிள்ளை இப்போது பார்ப்பது அதே நீலப் பூனை வகையறா என்று நினைப்பவருக்கு, அவன் ஏன் கண்ணைத் துடைக்கிறான் என்பது எப்படி விளங்கும்?

இனி படத்துக்குள் வருவோம். முதல் தடை கண். "இவ்ளோ பெரிய கண்ணு யாருக்கு இருக்கு?" என்று கேட்காத பெரியவர் இல்லை. அந்தக் கண்ணை நிலைநாட்டியவர் ஒசாமு தெசூகா. அமெரிக்க கார்ட்டூன்களையும், தான் வளர்ந்த தகராசுகா ஊரின் பெண்கள் நாடகக் குழுவையும் பார்த்துப் பழகியவர். அந்த மேடையில் நடிகையரின் கண் கடைசி வரிசைக்கும் தெரியும்படி மை தீட்டப்பட்டிருக்கும். 1963 ஜனவரி 1 அன்று அவருடைய 'ஆஸ்ட்ரோ பாய்' தொலைக்காட்சியில் வந்தது. வாரம் ஒரு அரைமணி அத்தியாயம் தர வேண்டும், கையில் பணம் குறைவு. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகம் ஓடும். அதற்கு 24 ஓவியம் வரைய வசதியில்லாதபோது எட்டு ஓவியத்தை வைத்துச் சமாளித்தார்கள். உடம்பை அசையாமல் நிறுத்தி வாயை மட்டும் அசைத்தார்கள். ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். உடம்பு நடிக்க முடியாத இடத்தில் கண்ணும் குரலும் நடித்தன. டிஸ்னியின் வழுவழுப்பான அசைவுக்குப் பழகியவருக்கு இது நின்று நின்று போவதாகத் தெரிகிறது. பழகியவருக்கோ அந்த நிற்றலே உயிர். வாளை உருவிய கை அசையாமல் இருக்கும், முடி மட்டும் காற்றில் ஆடும், பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

மசாகி யூகியும் அவருடைய சகாக்களும் 2007-இல் வெளியிட்ட ஓர் உளவியல் ஆய்வு இங்கே உதவுகிறது. ஒரு முகத்தின் உணர்ச்சியை அறிய ஜப்பானியர் கண்ணுக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள், அமெரிக்கர்கள் வாய்க்குக் கொடுக்கிறார்கள் என்பது அதன் முடிவு. தமிழர்களை அவர்கள் சோதிக்கவில்லை. ஆனால் எங்கள் குப்பத்து அம்மன் கோயில்களைப் பார்த்தவனாக ஒன்று சொல்வேன். ஒரு கல், அதன் மேல் மஞ்சள், குங்குமம், இரண்டு வெள்ளிக் கண்மலர். மூக்கும் வாயும் தெளிவாக இல்லாவிட்டாலும் அது நம் தாயின் முகமாகிவிடுகிறது. அவள் சிரிக்கிறாள், கோபிக்கிறாள், நம்மை மட்டும் பார்க்கிறாள். இரண்டு பெரிய கண்ணை வைத்துக்கொண்டு முழு முகத்தையும் எழுப்பிக்கொள்ளும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. அந்தப் பழக்கத்தை வரைபடத்திடம் கொண்டுபோவதற்குத்தான் யாரும் நம்மைக் கூப்பிடவில்லை.

இரண்டாவது தடை காலம். 1999-இல் தொடங்கிய 'ஒன் பீஸ்' ஆயிரம் அத்தியாயங்களைக் கடந்தும் முடியவில்லை. நருட்டோவின் இரண்டு பாகங்களும் சேர்ந்து 720. இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்கு அது உண்மையான கேள்வி. நீளத்தைவிடப் பெரிதாக அவர்களைக் குழப்புவது, சண்டைக்கு நடுவே காலம் நின்றுபோவது. ஓங்கிய கை இறங்குவதற்குள் இருவருடைய பால்யமும் வந்து போகிறது. இன்ஃபினிட்டி காசிலில் அகாசா என்ற அரக்கன் வீழ்கிற கட்டத்தில் கதை நின்று, அவன் மனிதனாக இருந்த நாட்களுக்குப் போகிறது. அவன் காதலித்த பெண்ணையும் அவனை ஆளாக்கிய ஆசானையும் எதிரிகள் நஞ்சு வைத்துக் கொன்றதைக் காட்டுகிறது. புதிதாக வந்தவர், "வில்லனுக்கு எதுக்கு இவ்ளோ கதை? முடிச்சுட்டுப் போக வேண்டியதுதானே" என்பார்.

காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்தில் 'கர்ண மோட்சம்' கூத்து பார்த்தவர் அப்படிக் கேட்க மாட்டார். கர்ணன் போருக்குக் கிளம்பும் முன் தன் மனைவி பொன்னுருவியோடு பேசுகிற காட்சியை விடிய விடிய நீட்டுகிறார்கள். தோற்கப் போகிறவன், எதிரணியில் நிற்கிறவன் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரவு அவனுடையது. துக்கம் உச்சிக்கு ஏறும்போது கட்டியங்காரன் குறுக்கே வந்து கேலி பேசுவான், கூட்டம் சிரிக்கும், அடுத்த நொடி மறுபடியும் அழும். அனிமேயில் உருக்கமான காட்சிக்கு நடுவே பாத்திரங்கள் திடீரெனக் குட்டிப் பொம்மைகளாகச் சுருங்கி, நெற்றியில் பெரிய வியர்வைத் துளியோடு நிற்பது இதே வகை இடைவெட்டு. கூத்தின் இலக்கணம் தெரியாத வெளியூர்க்காரருக்குக் கூத்தும் வெறும் கத்தலாகத்தான் தெரியும். என் ஆய்வின் மையமான கருத்து இதுதான்: அனிமே ஒரு கூத்து. அதன் அடையாளங்களைச் சிறு வயதில் உட்கார்ந்து கற்றவர் உள்ளே இருக்கிறார், கற்காதவர் வெளியே நிற்கிறார். ரசனையின் ஏற்றத்தாழ்வு என்று இதைச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

வட சென்னைக்கு இன்னொரு வாசலும் உண்டு. அது விளையாட்டு. பரம்பரைகளாகப் பிரிந்து குத்துச்சண்டை நடத்திய மண் இது. 2021-இல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்தபோது ராயபுரத்துப் பெரியவர்கள் அதைத் தங்கள் வீட்டுக் கதையாகவே பேசினார்கள். 1968-இல் ஜப்பானில் 'அஷிதா நோ ஜோ' என்ற மங்கா, அதாவது சித்திரக்கதை, வாரத் தொடராக வரத் தொடங்கியது. டோக்கியோவின் அன்றாடங்காய்ச்சிகள் வாழும் பகுதியில், பாலத்தடியில் கொட்டகை போட்டுப் பயிற்சி பெறும் ஜோ என்ற அநாதைப் பையனின் குத்துச்சண்டைக் கதை. அதில் ரிகீஷி என்ற எதிராளி, ஜோவோடு மோதுவதற்காகவே பட்டினி கிடந்து எடையைக் குறைத்து, வென்று, அந்த மேடையிலேயே விழுந்து இறக்கிறான். 1970 மார்ச் 24 அன்று அந்தக் கற்பனைப் பாத்திரத்துக்கு, பதிப்பகமான கோதான்ஷாவின் கட்டடத்தில் உண்மையான இறுதிச் சடங்கு நடந்தது. கவிஞரும் நாடகக்காரருமான ஷூஜி தெராயாமா அதை முன்னின்று நடத்தினார். சுமார் 700 பேர் வந்து நின்றார்கள். வரைந்த உருவத்துக்காக மனிதர்கள் அழுவது பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பவர், இந்தக் கதையைக் காசிமேட்டுப் பழைய குத்துச்சண்டைக்காரர் யாரிடமாவது சொல்லிப் பார்க்கட்டும். எடை குறைக்கப் பட்டினி கிடப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, என்னை இந்தக் கேள்விக்குள் இழுத்த படத்துக்கு வருகிறேன். ஹயாவோ மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே', 2001. சிஹிரோ என்ற பத்து வயதுப் பெண் தெய்வங்கள் வந்து குளிக்கும் ஒரு குளியல் மாளிகையில் வேலைக்குச் சேர்கிறாள். மழை கொட்டும் இரவில் சேறும் சகதியுமாக, மலைபோல ஒன்று ஊர்ந்து வருகிறது. அதன் நாற்றத்தில் கையில் வைத்திருக்கும் சோறு கெட்டுப்போகிறது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்குகிறார்கள். முதலாளியம்மா அந்த வேலையைச் சிஹிரோவின் தலையில் கட்டுகிறாள். குளிப்பாட்டும்போது அதன் விலாவில் முள்போல ஏதோ குத்திக்கொண்டிருப்பது அவள் கையில் தட்டுப்படுகிறது. கயிறு கட்டி, மாளிகையே சேர்ந்து இழுக்கிறது. முதலில் ஒரு சைக்கிள் வருகிறது. அதன் பின்னாலேயே டன் கணக்கில் குப்பை, இரும்பு, கழிவு. எல்லாம் வெளியேறிய பிறகுதான் தெரிகிறது, வந்தது நாற்றப் பிசாசு இல்லை, ஓர் ஆற்றின் தெய்வம். மியாசாகி தன் ஊர் ஆற்றைச் சுத்தம் செய்யப் போனபோது உண்மையிலேயே சைக்கிளை இழுத்து எடுத்த அனுபவத்திலிருந்து பிறந்த காட்சி அது.

கொசஸ்தலை ஆற்றின் கரையில் இருந்துகொண்டு இந்தக் காட்சியைப் பார்ப்பது வேறு. 1970-இல் ஓடத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் நிழலில் வளர்ந்த ஊர் எங்களுடையது. சாம்பல் குழாய்கள் உடைந்து கழிமுகத்தில் சாம்பல் படிந்ததைக் காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பத்து மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆறு முழுக்கக் கறுத்தது. மீனவர்கள் படகில் போய் வாளியாலும் மக்காலும் எண்ணெயை அள்ளினார்கள். அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்து, நள்ளிரவில் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். ஆற்றில் இறால் தடவிப் பிழைத்த குடும்பத்து அக்கா ஒருவர், தன் மகள் கைபேசியில் அந்தக் குளியல் காட்சியைப் பார்த்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அனிமே என்ற சொல்லைக்கூட அவர் கேட்டிருக்கவில்லை. பெரிய கண்ணைப் பற்றியோ, படம் நின்று நின்று போவதைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. சைக்கிள் வெளியே வந்ததும் ஒன்று மட்டும் கேட்டார்: "அது எந்த ஆறு?" அந்தப் படத்தின் உயிரான கேள்வி அதுதான். சிஹிரோவுக்குத் துணை நிற்கும் ஹாக்கு என்ற சிறுவனும் ஓர் ஆறு. குடியிருப்பு கட்டுவதற்காக அந்த ஆற்றைத் தூர்த்துவிட்டார்கள். தன் பெயரை மறந்து அலைகிற அவன், சிஹிரோ அதைச் சொன்ன பிறகே விடுதலை அடைகிறான்.

மியாசாகியின் 1984-ஆம் ஆண்டுப் படமான 'நௌசிகா'வுக்கு ஒரு தூண்டுதல் மினமாட்டா வளைகுடா. தொழிற்சாலை கொட்டிய பாதரசத்தால் மீனும் மனிதரும் நஞ்சேறிய இடம். எண்ணூரில் இருப்பவருக்கு இதற்கு உரை தேவையா? அனிமே நம் மண்ணுக்கு ஒட்டாது என்று சொல்பவர்களுக்கு என் பதில் இந்த இரண்டு படங்கள்.

அப்படியானால் அந்த அக்காவுக்குப் புரிந்தது ஏன் இன்னொருவருக்குப் புரிவதில்லை? பக்கத்தில் மகள் இருந்தாள். "இது சாமிங்க குளிக்கிற எடம்மா" என்று அவள் முன்பே சொல்லிவிட்டாள். சின்ன விஷயமாகத் தெரியலாம், எனக்கு இது பெரிதாகப் படுகிறது. மௌனப் படக் காலத்தில் ஜப்பானியக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் பென்ஷி என்ற கதைசொல்லி நின்று படத்தை விளக்கினார். நம் ஊர்க் கொட்டகைகளிலும் மௌனப் படத்துக்குக் கதை சொல்ல ஆள் இருந்தார். இன்று யூடியூபில் அனிமேயைத் தமிழில் அத்தியாயம் அத்தியாயமாக விளக்கும் இளைஞர்கள் அந்தப் பழைய வேலையைத்தான் செய்கிறார்கள். படத்தைப் பார்க்காமல் விளக்கத்தை மட்டும் கேட்பது சோம்பேறித்தனம் என்று சிலர் திட்டுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தமிழில் அனிமேக்கு வாசகர் கூட்டம் போல ஒரு பார்வையாளர் கூட்டம் உருவானதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் விலகி நிற்பவர்கள் எல்லோரும் புரியாமல் நிற்கிறார்கள் என்று சொன்னால் அது அநியாயம். பள்ளிச் சீருடை அணிந்த சிறுமியின் உடம்பைக் காட்சிப் பொருளாக்கும் தொடர்கள் நிறைய இருக்கின்றன. கதைக்குத் தேவையே இல்லாத இடத்தில் அது நகைச்சுவை என்ற பெயரில் வருகிறது. ஒரு தாய் அதைப் பார்த்து முகம் சுளித்தால், அது ஜப்பானிய நகைச்சுவை, உங்களுக்குப் புரியாது என்று சமாதானம் சொல்லக் கூடாது. அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார். ரத்தமும் சிதைவும் கணக்கில்லாமல் வரும் தொடர்களும் உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அவை வேண்டாம். ரசிகர்கள் இதை நேர்மையாக ஒத்துக்கொண்டால் வீட்டுச் சண்டைகளில் பாதி குறையும்.

இந்தப் பிளவு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதும் இல்லை. 1979-இல் பிலிப்பைன்சில் 'வோல்டஸ் ஃபைவ்' தொடரை மார்கோஸ் அரசு வன்முறை என்று சொல்லி நிறுத்தியது. கடைசி அத்தியாயங்களைப் பார்க்க முடியாமல் போன பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள். 2023-இல் அந்த நாடே அதை நடிகர்களை வைத்துத் தொடராக எடுத்தது. பிரான்சில் 1978-இல் வந்த 'கோல்டோராக்' பிள்ளைகளைக் கட்டிப்போட்டது, பெரியவர்களைக் கோபப்படுத்தியது. ஜப்பானிலேயே 1989-இல் ஒரு கொடூரக் குற்றத்தில் கைதானவன் வீட்டில் அனிமே நாடாக்கள் குவிந்திருந்ததைப் பத்திரிகைகள் காட்டிய பிறகு, ரசிகர்கள் எல்லோரும் பல ஆண்டுகள் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டார்கள். அனிமே பிறந்த நாட்டிலேயே அதைப் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு என்றால், தமிழனுக்கு இது புரியாது என்று முத்திரை குத்துவது எவ்வளவு அவசரமானது?

எதிர்த்திசையில் ஒரு சாட்சியும் இருக்கிறது. ரஜினியின் 'முத்து' 1998-இல் டோக்கியோவின் ஷிபுயாவில், சினிமா ரைஸ் அரங்கில் மாதக்கணக்கில் ஓடியது. கதைக்கு நடுவே திடீரெனப் பாட்டு, ஒரே ஆள் இருபது பேரை அடிப்பது, அழுகைக்கும் சிரிப்புக்கும் இடையே மூச்சுவிட நேரம் தராதது எல்லாம் ஜப்பானியப் பார்வையாளர்கள் சிலரைத் திகைக்க வைத்திருக்கும். மற்றவர்கள் ரஜினி ரசிகர்களாகவே மாறிவிட்டார்கள். நம் படத்தின் இலக்கணத்தை அவர்கள் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். நாமும் கற்கலாம்.

அதனால் புரியவில்லை என்று ஒதுங்கி நிற்கும் பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஆயிரம் அத்தியாயத் தொடரில் காலை வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்தில் முடியும் ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். அவர்கள் எரிச்சலில்லாமல் சொல்லித் தருவார்கள், ஏனென்றால் வீட்டில் யாராவது இதைக் கேட்க வேண்டும் என்று பல வருடமாகக் காத்திருக்கிறார்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால், தாராளமாகப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். அந்தத் தீர்ப்பைச் சொல்ல அப்போது உங்களுக்கு முழு உரிமை உண்டு.